டீப்பாயின் தோல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. என் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் உதித்தது.

போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு சாமிதுரை வந்து ஒரு மணி நேரத்தில் தருகிறேன் என்று அதை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்தபோது அதன் அடியில் அரை நூற்றாண்டுப் பழைய பசை ஓர் அங்குலக் கனத்துக்கு அப்பிக் கருகியிருந்தது. (ஓர் அங்குலம் இல்லை. ஒரு நூல் இருக்கும்.) அதற்குப் பிறகு என் மனைவி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. (மூன்று நாள்.)

அடைப்புக்குறிகளுக்குக் காரணம் உண்டு. நான் சர்வேயராக முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். யாருடைய வரப்பையும் அரைச் சாண்கூடத் தள்ளிக் காட்டியதில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலையும் கழுத்துமாக வீடு திரும்பும்போதே முடிவுசெய்துவிட்டேன், இனி எதையும் உள்ள அளவில் சொல்வதில்லை என்று. அப்பா, என்ன சுகம் தெரியுமா! ஆகவே இந்தக் கதையின் அளவுகளை நம்பவேண்டாம். கோபத்தை மட்டும் நம்புங்கள். அதை மட்டும் சங்கிலி பிடித்து அளந்து போட்டிருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மேட்டூர் திறந்து பதினைந்தாம் நாள், காவிரித் தண்ணீர் நுங்கும் நுரையுமாகத் தஞ்சாவூருக்குள் நுழைந்த அந்தப் பொன்னான காலையில்———"

வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதை என்றால் முதல் வரியிலேயே ஆற்றை இழுத்துவந்து நிறுத்தவேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? இந்தக் கதையில் ஒரு வாய்க்கால் வரும். அதுகூடப் பொய் வாய்க்கால். அதற்கு அப்புறம் வருவோம்.

இரண்டாம் முயற்சி:

"அந்த டீப்பாய்க்கு நான்கு கால்கள். ஒவ்வொன்றும் சிங்கத்தின் பாதம்போல———"

இதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருக்கிறது: 'சிங்கம் இல்லை. சாதாரணக் கடைசல் கால். தவறு.' கையெழுத்து சாமிதுரையுடையது. அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதும் ஒவ்வொரு பகுதியையும் வாங்கிப் படித்துத் திருத்தித் தருகிறார். கதையில் வருகிற ஆளே கதையைத் திருத்துகிற கொடுமை உலகத்தில் வேறு எந்த எழுத்தாளனுக்காவது நேர்ந்திருக்குமா, தெரியவில்லை. மதிப்பெண் போடாததுதான் பாக்கி.

மூன்றாம் முயற்சி கடைக்குள் தொடங்குகிறது. அதை அவர் அடிக்கவில்லை.

3

புத்தக அலமாரி தேடித்தான் சாமிதுரை தஞ்சாவூர்க் கீழவாசலில் ஃபாஜிலின் பழைய சாமான் கடைக்குப் போனார். கட்டில்கள், பீரோக்கள், யாரோ யாருடைய கல்யாணத்துக்கோ கொடுத்த டிரஸ்ஸிங் டேபிள்கள். அவற்றுக்கு நடுவே ஒரு டீப்பாய். நீள்சதுரம். மேல் பலகையின் நடுவில் மட்டும் எண்ணெயில் போட்ட அப்பளம்போல ஓர் உப்பல். முதல் வரைவில் பூரி என்று எழுதியிருந்தேன். அப்பளம்தான் சரி. உள்ளங்கை அகலம், அதில் மெல்லிய வெடிப்பு.

உப்பலைப் பார்த்ததும் அவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்த டீப்பாயை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதைப் பற்றிக் கேட்காமல் ஒரு வருஷமும் போனதில்லை.

அவர் நின்றதைப் பார்த்து ஃபாஜில் எழுந்து வந்தார். தங்கமான மனுஷர், ஆனால் ஒரு நாற்காலியை விற்பதற்குள் அதில் உட்கார்ந்த ஏழு தலைமுறையின் கதையையும் சொல்லிவிடுவார்.

"ஒரே பலகை சார், பர்மா தேக்கு. பாபநாசம் பக்கம் ஒரு பண்ணை வீட்ட இடிக்கிறாங்க, அங்கேருந்து வந்தது. இந்த உப்பல் இருக்கு பாருங்க, அது குறை இல்ல, சரித்திரம். பண்ணையாள் ஒருத்தன் தூக்கிட்டு வர்றப்ப, பீடி குடிக்க உக்காந்து இத வாய்க்கால்ல போட்டுட்டானாம். அன்னையிலேருந்து அவன் பேரே டீப்பாய்தானாம்."

"அவன் இல்ல," என்றார் சாமிதுரை. "அவரு."

"எவரு சார்?"

"எங்கப்பா. அவரு பீடி குடிக்க மாட்டாரு."

ஃபாஜில் பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் துண்டால் துடைத்து அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் செய்தார். சாமானோடு வந்த கதை அது, தான் ஒன்றும் கட்டவில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "பீடி மட்டும் நான் சேத்தது, சார். மன்னிச்சுக்குங்க."

[இந்த வரியை எழுதும்போது எனக்குச் சுருக்கென்றது. சேர்ப்பவன் ஃபாஜில் மட்டுமா? ஆனால் அவர் ஒப்புக்கொள்ள ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.]

4

1971, ஐப்பசி. மெட்ராஸில் வாங்கிய டீப்பாய் பாபநாசம் ஸ்டேஷனில் பார்சலாக வந்து இறங்கியது. பண்ணைக்குப் போகும் பாதை முழங்கால் சேறு, வண்டி போகாது. சாமிதுரையின் அப்பா உத்திராபதி அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நாற்பது மைல் நடந்தார்.

(நாலே கால். நானே வரைபடத்தில் பார்த்தேன்.)

வழியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கோணிச் சாக்கைக் கழற்றி, உத்திராபதி அதை டீப்பாய்க்குப் போர்த்தினார். தான் நனைந்தார். இந்த இடத்தில் நான் எழுதியது: "வானம் பொத்துக்கொண்டு அடைமழை கொட்டியது." அதைச் சாமிதுரை இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார். அடைமழை என்றால் உங்கள் அப்பாவுக்குத்தானே பெருமை என்று கேட்டேன்.

"அடமழைனு எழுதுனீங்கன்னா பண்ணையில சொன்னது நியாயமாயிடும், சார்," என்றார். "தூறல்தான். தூறல்னே போடுங்க."

போட்டுவிட்டேன். தூறல்.

கொல்லைப் பக்கமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார் உத்திராபதி. மறுநாள் காலையில் ஆள் வந்து கூப்பிட்டது. டீப்பாய் நடுவில் உப்பியிருந்தது. ஒரே பலகைத் தேக்கு தூறலுக்கு உப்புமா என்று கேட்டார் பண்ணை. உப்பாது. அப்படியானால் நீ தண்ணீரில் போட்டிருக்கிறாய். வழியில் தண்ணீர் எங்கே இருக்கிறது? வாய்க்காலில். முடிந்தது விசாரணை. கோர்ட்டு, வக்கீல் எதுவும் தேவைப்படவில்லை. உத்திராபதி "நான் கீழ வைக்கவே இல்லீங்க" என்று சொன்னதை, கூடியிருந்தவர்கள் ஒரு வேடிக்கை வசனமாக எடுத்துக்கொண்டு போனார்கள். அறுவடையில் யாராவது நெற்கட்டைத் தவறவிட்டால், "நான் கீழ வைக்கவே இல்லீங்க" என்று மற்றவர்கள் பாடுவார்கள்.

உத்திராபதி என்ற பேர் அன்றோடு போயிற்று. டீப்பாய். அவர் மகன் டீப்பாய் மவன். சாமிதுரையைக் கட்டிக்கொண்டு வந்த செவ்வந்தி, நர்ஸ் வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்கும் பெண், டீப்பாய் வீட்டு மருமவள். 2002இல் சாமிதுரையின் அப்பா இறந்தபோது சேதி சொல்லப் போனவர்கள் உத்திராபதி காலமானார் என்றார்கள். எந்த உத்திராபதி என்று கேட்டார்கள். டீப்பாய் என்று சொன்ன பிறகுதான் மாலை வாங்கக் கிளம்பினார்கள்.

முப்பத்தொரு வருஷம். இடையில் ஊருக்குக் கரண்டு வந்தது, தார் ரோடு வந்தது, உத்திராபதிக்கே சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வந்தது, பட்டா அவர் பேரில். ஒரு மனிதனின் பேர் மட்டும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் தூறல் விழும்போது அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், "நான் கீழ வைக்கல" என்பாராம்.

5

சாமிதுரை டீப்பாயை வாங்கியது பூஜை செய்ய அல்ல. பழைய மேற்பரப்பை இழைத்து எறிந்துவிட்டு, அதன்மேல் புதிதாகத் தேக்கு வெனீர் ஒட்டி, பாலிஷ் போட்டு, அந்த உப்பலை உலகத்திலிருந்தே ஒழித்துவிடுவது என்று நினைத்தார். வெனீர் என்றால் மரத்தைக் காகிதக் கனத்தில் சீவி எடுத்த தோல். மலிவான ப்ளைவுட்டின் மேல் ஒட்டினால் முழுத் தேக்கு மாதிரியே இருக்கும். பர்மா தேக்கின் மேல் எவனாவது வெனீர் ஒட்டுவானா என்று நான் கேட்டேன். அந்தத் தேக்கின் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்றார்.

கார் ஷெட்டில் வேலை ஆரம்பித்தது. உப்பலின் ஓரத்தைச் சுவருக்குப் பட்டி தடவும் பிளேடால் நெம்பினார். இழைக்கவேண்டிய இடம் உரிந்து வந்தது. ஈரத்துணியைப் போட்டு, மேலே சூடாகத் தேய்த்தால் பழைய பசை இளகும் என்று எதிலோ பார்த்திருக்கிறார். அவர்கள் வீட்டுப் பெட்டியைச் செவ்வந்தி தரமாட்டேன் என்றுவிட்டதால் என் வீட்டுக்கு வந்தார். பாதி உரிந்ததும் பிளேடைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அடியில் தேக்கு இல்லை. ப்ளைவுட். பொறைபொறையாக, அடுக்கடுக்காக, வெளிறிப்போன ஏதோ மட்டமான மரம். பர்மா தேக்கு என்பது மேலே ஒட்டியிருந்த, வெங்காயச் சருகு கனத் தோல்.

பலகை ஈரம் பட்டால் வீங்கும், வளையும், காய்ந்தால் வெடிக்கும். உப்பவே உப்பாது. உப்புவதற்கு மேலே ஒரு தோல் வேண்டும், அடியில் ஆவி நிற்க இடம் வேண்டும். அவை இருந்தால் ஒரு தூறலின் ஈரமே போதும். முப்பத்துநாலு வருஷம் வகுப்பில் ஆவியும் அழுத்தமும் நடத்தியவர் சாமிதுரை. அந்த உப்பல்தான் தன் அப்பாவுக்குச் சாட்சி, அதைத்தான் எல்லோரும் அப்பாவுக்கு எதிராகக் காட்டினார்கள் என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பண்ணைமேல் வருவதற்கு முன்னால் அவருக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது.

செவ்வந்தி காப்பி கொண்டுவந்தவர், உரித்த தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர்.

"இங்க பாருங்க. இது தானா வெடிச்சதில்ல. கத்தி போட்டது."

வெடிப்பு என்று எல்லோரும் நினைத்தது, மரத்தின் இழையோடு நேராகப் போன ஒரு கீறல். அதன் உள்பக்கம் பசை வேறு நிறத்தில் இருந்தது. உப்பலைக் கீறி, உள்ளே பசை விட்டு, பாரம் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அது மறுபடி எழுந்திருக்கிறது.

"அப்ப யாரோ திறந்து பாத்திருக்காங்க," என்றார் செவ்வந்தி. "பாத்துட்டு மூடியிருக்காங்க."

தெரியாமல் சொன்ன பொய் இல்லை இது. தெரிந்துகொண்ட பிறகும் சொன்ன பொய்.

[இந்த இடத்தில் வாசகர் ஓர் உவமையை எதிர்பார்ப்பார். கதையும் இப்படித்தான், மேலே தோல், உள்ளே ப்ளைவுட், ஆகா, ஓகோ என்று. எழுதமாட்டேன். எனக்கு வந்த கோபத்தில் உவமை எழுத நேரமில்லை.]

6

பண்ணையின் மகள் வானதி இருக்கிறார். எழுபத்துநாலு வயது. தஞ்சாவூரிலேயே, மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் ஒரு ஃபிளாட்டில். சாமிதுரை உரித்த தோலைச் செய்தித்தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டார். அவர் பைக்கின் பின்னால் நான்.

முதல் வரைவு: வானதி அம்மாள் தோலைப் பார்த்து விம்மி விம்மி அழுதார். 'எங்க அப்பா செஞ்சதுக்கு நான்———'

சாமிதுரையின் குறிப்பு: 'சினிமா.'

இரண்டாம் வரைவு: வானதி அம்மாளுக்கு ஞாபக மறதி. யாரையும் தெரியவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு———

குறிப்பு: 'நடந்ததை எழுதுங்கள், சார்.'

நடந்தது இது. கதவைத் திறந்து, இரண்டு ஓய்வு பெற்ற மனிதர்களைப் பார்த்து, வாங்க வாங்க, உட்காருங்க சார் என்றார். ஃபேனைப் போட்டார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றார். எனக்குப் பொது முகம் என்றேன். சாமிதுரை ஊர்ப் பேரைச் சொன்னார், உத்திராபதியின் மகன் என்றார். எந்த உத்திராபதி என்று அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த வார்த்தையை மகனே சொல்லவேண்டி வந்தது.

"அட, டீப்பாய் மவனா நீ? மொதல்லயே சொல்லக்கூடாதா? உக்காரு, உக்காரு."

அவர் ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

தோலை விரித்துக் காட்டினார். கீறலைக் காட்டினார். வானதி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்வமாகப் பார்த்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. பழைய ஆல்பம் பார்க்கிற சந்தோஷம்.

"ஆமா, தச்சரு அன்னைக்கே சொல்லிட்டாரே, மேல ஒட்டுனதுன்னு. மெட்ராஸ் கடைக்காரன் அப்பாவ நல்லா ஏமாத்திட்டான். அத வெளிய சொல்ல முடியுமா? ஊர் பூரா ஒரே பலகைன்னு சொல்லியாச்சு."

"எங்கப்பா பேரு?"

"அது வேடிக்கைக்கு வச்சதுப்பா. அவரே சிரிப்பாரு."

"உங்க முன்னாடி சிரிச்சிருப்பாரு," என்றார் சாமிதுரை. "வீட்டுக்கு வந்து சிரிச்சதில்ல."

அவர் குரலை உயர்த்தவில்லை. நான் உயர்த்தி எழுதினால் அடித்துவிடுவார். தோலைப் பழையபடி சுருட்டினார். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. வாசல்வரை வந்த வானதி அம்மாள், அந்த டீப்பாய் இப்போது அவரிடமா இருக்கிறது என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"பத்திரமா வச்சுக்க. பர்மா தேக்கு."

* படியில் இறங்கும்போது நான் சாமிதுரையின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. கீழே பார்க்க.

7

மூன்று மாதமாக டீப்பாய் தோலுரிந்து கார் ஷெட்டில் கிடந்தது. இன்று புரட்டாசி இருபத்தைந்து. நேற்று ஒரு தூறல். இன்று காலையில் சாமிதுரை உப்புத்தாள் போட்டு ப்ளைவுட்டை வழவழவென்று தேய்த்தார். பிறகு தச்சுப் பென்சிலை எடுத்து, நடுவில், கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் எழுதினார்:

உத்திராபதி இதைக் கீழே வைக்கவில்லை. பெய்தது தூறல்தான். 1971 ஐப்பசி.

எழுதிவிட்டு வெனீர் ஷீட்டை எடுத்தார். செவ்வந்திக்கு வந்ததே ஆத்திரம்.

"மூடுறதுக்கா எழுதுனீங்க?"

திறந்து போட்டால், வருகிறவன் போகிறவன் எல்லாம் தன் அப்பா பேர்மேல் காப்பி டம்ளரை வைப்பான் என்றார் அவர்.

"இத்தனை வருஷமா அவரு பேரு மேல ஒண்ணுமே வைக்காமயா இருந்தாங்க?"

கண்ணாடி போட்டுவிடலாமே என்று நான் மதில்மேலிருந்து ஒரு முடிவை நீட்டினேன். டீப்பாயா, மியூசியமா என்று செவ்வந்தி கேட்டார். அப்படியே கொண்டுபோய் அந்த ஃபிளாட்டின் வாசலில் வைத்துவிடலாம் என்றேன். திரும்பவும் தலையில் தூக்கிக்கொண்டு அவங்க வீட்டுக்கா என்றார் சாமிதுரை. என்னிடம் இருந்த முடிவுகள் தீர்ந்துவிட்டன.

இப்போது பசை பூசியிருக்கிறார், ஷீட்டின் முதுகிலும் பலகையின் மேலும். காய்ந்து விரலில் ஒட்டாத பதம் வரப் பதினைந்து நிமிஷம். அதற்குப் பிறகு ஷீட்டை இறக்கினால் இறக்கியதுதான், நகர்த்த முடியாது. இங்கேயிருந்து எனக்கு ஒன்று தெரிகிறது. எழுதிய இடத்தில் பசை படவில்லை. பிரஷ் அந்த ஒரு சாண் இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. தெரிந்தே விட்டுவிட்டாரா, கை தானாக விலகியதா, கேட்கவில்லை. மூடினாலும் வருகிற ஐப்பசியில் அந்த இடம் உப்பும். இயற்பியல் வாத்தியாருக்கு இது தெரியாமல் இருக்காது.

"சார், ஒரு முனையப் பிடிங்க வாங்க," என்று கூப்பிடுகிறார்.

போகவேண்டும். அதற்கு முன்னால் ஒன்று. இந்தக் கதை இஸ்திரிப் பெட்டியில் உதித்தது என்றேன். இல்லை. 1994இல் பாபநாசம் தாலுகாவில் நில உட்பிரிவு அளக்கப் போன இடத்தில், அந்தப் பண்ணை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் காப்பி குடித்திருக்கிறேன். அந்த டீப்பாயில் டம்ளரை வைத்திருக்கிறேன். உப்பலைக் காட்டிப் பண்ணை கதை சொன்னார். நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்புறம் பல வருஷம், போன ஊரிலெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாய்க்காலை ஓரடி ஆழமாக்கினேன். வேலையில் அரைச் சாண் தள்ளாதவன் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தக் காலத்தில்தான். உத்திராபதி அப்போது உயிரோடு இருந்தார்.

இந்த ஏழாம் பகுதியைச் சாமிதுரை இன்னும் படிக்கவில்லை. ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லாத பகுதி இது ஒன்றுதான். ஃபாஜில் ஐந்து நிமிஷத்தில் செய்ததைச் செய்ய எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. இதில் மிகை எதுவும் இல்லை.

இந்தத் தாளை இப்போது அவர் கையில் கொடுக்கப்போகிறேன். படிக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஷீட் மெல்லியது, தரையில் பட்டால் கிழியும், செவ்வந்தி ஒரு பக்கம் பிடித்திருக்கிறார். அந்த இன்னொரு முனையை நீங்கள் வந்து பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும், தொய்யாமல். படித்து முடித்து நிமிர்ந்ததும், இறக்குவதா வேண்டாமா என்று அவர் என்னைக் கேட்கமாட்டார். உங்களைத்தான் பார்ப்பார்.

பசை காய இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கிறது.